சுவரில் பொருத்தாத பீரோ

யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு டிராயர் திறந்து கிடந்தால் நான் எழுந்துபோய் மூடிவிடுகிறேன். சில பேர் சிரிக்கிறார்கள். சில பேருக்கு எரிச்சல் வருகிறது. அடுத்தவர் வீட்டுச் சாமானில் இவளுக்கு என்ன வேலை என்று முகத்திலேயே தெரியும். நான் காரணம் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் என் கையால் ஒரு பீரோ செய்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

நாங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்கள். கல்யாணம் முடிந்த அடுத்த வருடமே திருப்பூருக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைகள் உடுப்பைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. குறை சொல்வதற்குச் சம்பளமா, அப்படியென்றால் நீ இதற்காகவே பிறந்தவள் என்று அவர் முதல் நாளே சொன்னார். அதில் பொய்யில்லை.

குழந்தைகள் உடுப்பில் விளையாட்டே கிடையாது. ஒரே தடவையில் தைத்து வந்த ஒவ்வொரு லாட்டிலும் சில சட்டைகளை எடுத்து, அமுக்குப் பொத்தானை ஒரு கருவியில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். பிடுங்கிக்கொண்டு வந்தால் லாட் முழுக்க நின்றுவிடும். அந்தப் பொத்தானை ஒரு குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்பதுதான் காரணம். தொப்பி வைத்த சட்டையில் கயிறு கூடாது. எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். தையல் மெஷினில் ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து ஒட்டிக் காட்டினால்தான் அடுத்த ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றிக் கிடக்கிற துணி அத்தனையும் ஓரமாகப் போய்விடும். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக. நான் நிறுத்தி வைத்த லாட்டுகளால் சூப்பர்வைசர் என்னிடம் சிரித்துப் பேசியதே கிடையாது. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கண்ணை நான் வீட்டுக்கு வரும்போது எங்கே கழற்றி வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், எங்களுடையது நான்காவது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே பொது மொட்டைமாடி. வீட்டுக்கார அம்மா அதே வாசலில் எதிர்ப்பக்கம் தனி வீட்டில் இருக்கிறார். தோட்டம் துரவு உள்ள குடும்பம். ஆனாலும் எங்களைப் போன்ற குடித்தனக்காரர்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. திருப்பூரிலேயே பிறந்து அந்த வாசலிலேயே வளர்ந்ததால் எங்கள் பேச்சு அவளுக்கு வரவில்லை. பால்காரர் முதல் பூனை வரை எல்லோருக்கும் ஒரு 'ங்க' போடுவாள்.

உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிற ஊரில் எங்கள் உடுப்பு அட்டைப்பெட்டியில் கிடந்தது. ஒரு தடவை கடையில் டிராயர் வைத்த பீரோ ஒன்று வாங்கினோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. அடிப்பக்கம் தண்ணீர் ஏறி, டீயில் விழுந்த ரொட்டி மாதிரி உப்பி உதிர்ந்தது. கடைக்காரரையும், அதைத் தேர்ந்தெடுத்த என் வீட்டுக்காரரையும் சேர்த்து வைத்துத் திட்டினேன்.

"அப்ப நீயே ஒண்ணு செஞ்சிரு," என்றார் அவர். "ஊரான் செய்யுததுல எல்லாம் நொட்டை சொல்லுதல்லா."

"செய்யத்தான் போறேன்."

"செஞ்சு கிழிச்ச. ஏட்டி, போய் சோத்த வை."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ரோஷம் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எங்கள் துணி அட்டைப்பெட்டியில்தான் இருக்கும், அதனால் ஒரு நஷ்டமும் வந்திருக்காது.

எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு மெஷின்கள் பெரிய மரப்பெட்டிகளில் வரும். பிரித்த பலகையைப் பழைய மரக்கடையில் போடுவார்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில், கண் கண்ணாக முடிச்சு விழுந்த பைன் மரம். கையில் எடுத்தால் காற்று மாதிரி லேசாக இருக்கும். பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் இறக்கினோம். ஒரு கை ரம்பம், ஒரு டிரில் மெஷின், ஒரு மூலைமட்டம், உப்புத்தாள். செய்முறை போனில். இந்தி பேசும் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் டிராயர் பீரோ செய்து முடித்தார். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

முதல் தப்பு அளவில் வந்தது. எங்கள் வேலையில் அளவு என்றால் கூடக் குறைய அரை இன்ச் வரை பரவாயில்லை என்று சீட்டிலேயே போட்டிருக்கும். துணி விட்டுக்கொடுக்கும், இழுத்தால் வரும், துவைத்தால் சுருங்கும். நான் அதே டேப்பை வைத்து, அதே மனசோடு பலகையை வெட்டினேன். நாலு கால் நாலு உயரம். மரம் விட்டுக்கொடுக்கவில்லை. வெட்டு நேராக விழுகிறதா என்று பார்க்கவே வாங்கி வைத்திருந்த மூலைமட்டம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி வெட்டினேன். அப்போதும் ஒரு கால் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு இன்ச், குறைந்தது. அதுக்கென்ன என்று விட்டேன்.

இரண்டாவது தப்பு தெரியாமல் செய்ததில்லை, யோசித்தே செய்தது. வீடியோவில் பீரோவின் ஆழம் ஒன்றரை அடி. எங்கள் அறையில் இரும்புக் கட்டிலுக்கு எதிரே ஒன்றரை அடியை வைத்தால் நடுவில் ஆள் நடக்க முடியாது. ஆழத்தை ஒரு அடியாகக் குறைத்தேன். உயரத்தை அப்படியே விட்டேன், நாலரை அடி. மேலே மூன்று டிராயர், அடியில் கதவு வைத்த ஒரு அறை. ஒல்லியாக, உயரமாக, பார்க்க அழகாக இருந்தது. உப்புத்தாள் போட்டுப் போட்டு என் விரல் நுனி தேய்ந்து, ஒரு வாரம் கம்பெனியில் கைரேகை மெஷின் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. வார்னிஷ் காய்ந்த அன்று அதை வாசலில் வைத்துவிட்டு லைன் வீடுகளில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கம்பெனியில் போட்டோ காட்டாத ஆள் பாக்கியில்லை. வீட்டுக்கார அம்மா டிராயரை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஆசாரிகூட இத்தனை பதமா பண்ண மாட்டாருங்க. கைவேலைக்காரிங்க நீங்க."

நான் தரையில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சிரித்தார், தோற்றுப்போனதற்கு அவருக்கும் சந்தோஷம்தான்.

உள்ளே கொண்டுபோய் வைத்த அன்றைக்கே தெரிந்தது. இந்த வீடுகளில் தரையை வாசல் பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருப்பார்கள், கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்கு. பீரோவின் அடிப்பக்கம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேல்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே என் விரல் ஒன்று போனது. முன்கால்களுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். இடைவெளி கொஞ்சம் குறைந்தது. தினமும் தரை துடைக்கிற ஈரத்தில் அட்டை நைந்து, நாலு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு டிராயர்கள் தானாகத் திறக்க ஆரம்பித்தன. வேலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் போவேன். வந்து பார்த்தால் நடு டிராயர் நாலு விரல் வெளியே வந்திருக்கும். முதலில் மகளைச் சந்தேகப்பட்டு அதட்டினேன். நாங்கள் வேலைக்குப் போனால் அவள் பால்வாடியிலும் அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவிடமும்தான் இருப்பாள், வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டுக்குள் அது எப்படித் திறந்தது என்று யோசிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கம்பெனி பஸ் ஒன்று போனது. தரை லேசாக அதிர்ந்தது. டிராயர் ஒரு நூல் நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு நூல். எனக்கு என்னவோ போல இருந்தது. எழுந்து போய் மூடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மேல் டிராயரையும் நடு டிராயரையும் சேர்த்து இழுத்துவிட்டு எதையோ தேடினார். பீரோ பின்காலைத் தூக்கிவிட்டது. அவர் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தார்.

"ஏட்டி, இது முன்னால சாயுதுல்லா."

"ரெண்டையும் ஒண்ணா யாரு தொறக்கச் சொன்னா?"

"பிள்ளை தொறந்தா?"

"அவ ஒண்ணும் தொறக்க மாட்டா. நான் சொல்லிருக்கேன்."

அவர் பீரோவைச் சுவரோடு தள்ளி நிறுத்திவிட்டு வெளியே போனார். போனை எடுத்து அந்த வீடியோவின் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டேன். அந்த இந்திக்காரர் எல்லாம் முடிந்த பிறகு, மடக்கிய இரும்புப் பட்டை ஒன்றை பீரோவின் முதுகில் வைத்துச் சுவரோடு சேர்த்து முறுக்குகிறார். பிறகு கேமராவைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறார். அதுவரை சிரித்த மனிதர் அந்த இடத்தில் சிரிக்கவில்லை. பாஷை தெரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது. முதல் தடவை பார்த்தபோதும் புரிந்துதான் இருந்தது.

லைன் வீடுகளில் சுவர் நம்முடையது இல்லை. காலண்டர் மாட்டக்கூட ஏற்கெனவே அடித்திருக்கிற ஆணியைத்தான் தேட வேண்டும். குடிவந்த அன்றைக்கு வீட்டுக்கார அம்மா சொன்ன ஒரே கண்டிப்பான வார்த்தையும் அதுதான். இரண்டாவது வீட்டில் இருந்தவர்கள் டிவி மாட்டச் சுவரைத் துளைத்ததால் காலி செய்ய வேண்டிவந்தது என்று மற்ற குடித்தனக்காரர்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் போய்க் கேட்டேன். அவர் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, செவுத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிடலாமா?"

"எதுக்குங்க கண்ணு?"

அந்தக் கேள்விக்குப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பீரோ சாய்கிறது, பிள்ளை மேல் விழுந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் ஆசாரிகூட இப்படிப் பண்ண மாட்டார் என்று சொன்ன வாய் அது. போன வாரம்கூட வந்த ஒரு விருந்தாளியிடம், நாலாவது வீட்டுப் பெண் தன் கையாலேயே செய்தது என்று என் பீரோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் அது நிற்க மாட்டேன் என்கிறது என்று எப்படிச் சொல்வது?

"சும்மா, ஒரு படம் மாட்டத்தான்," என்றேன்.

"மத்ததுக்கெல்லாம் நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க. ஆணி மட்டும் வேண்டாங்க கண்ணு. ஹாலோ பிளாக்கு செவுரு, ஒரு அடி அடிச்சா பொலபொலன்னு உதுந்துரும். போன வருசந்தானுங்க பெயிண்ட் அடிச்சோம்."

"சரிங்கம்மா."

திரும்பி நடக்கும்போது எனக்கு வருத்தமில்லை, ஒருவித நிம்மதிதான் இருந்தது. கேட்டாயிற்று, அவர் மாட்டேன் என்றுவிட்டார், இனி என் பொறுப்பு இல்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அரிசி யோசனை என்னுடையதுதான். மாதத்துக்கு ஒரு சிப்பம் வாங்குவோம், இருபத்தைந்து கிலோ. அதை பீரோவின் அடி அறையில், சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். பீரோ தரையில் வேர் விட்டதுபோல நின்றது. இரண்டு டிராயரையும் இழுத்துக் காட்டினேன். அசையவில்லை. என் வீட்டுக்காரரும் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்லுதீங்க?" என்றேன்.

"மூளைக்காரிதான்," என்றார்.

அரிசி சாப்பிடுவதற்கு வாங்குவது என்பதை நாங்கள் இருவருமே அந்த நிமிஷம் மறந்துவிட்டோம். காலையில் இரண்டு ஆழாக்கு, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொரு தடவை ஆழாக்கை உள்ளே விடும்போதும் கை இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். மாதத்தின் முதல் பாதியில் டிராயர்கள் ஒழுங்காக மூடி இருக்கும். இருபது தேதிக்கு மேல் நடு டிராயர் மறுபடி வெளியே வரும். பிறகு கீழ் டிராயர். அது மகளுடைய டிராயர். அதில் அவள் கவுன்கள், வண்ணப் பென்சில், உடைந்த ஒரு பொம்மை. மாதக் கடைசியில் நான் அவளை அதட்டிக்கொண்டே இருப்பேன். கிட்டப் போகாதே, இழுக்காதே, அதில் சாயாதே. ஒன்றாம் தேதி புதுச் சிப்பம் வந்ததும் என் குரல் இறங்கிவிடும். ஒரே பொருளை பாதி மாதம் தொடலாம், பாதி மாதம் தொடக்கூடாது என்றால் ஒரு குழந்தைக்கு என்ன புரியும்? அம்மாவுக்குச் சில நாள் கோபம் வரும் என்றுதான் புரிந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் செக்கிங் மேஜையில் ஒரு பொத்தான் பிடுங்கிக்கொண்டு வந்தது. லாட்டை நிறுத்தினேன். சூப்பர்வைசர் வந்து, ஒன்றுதானே, மற்றது எல்லாம் நிற்கிறதே என்று கெஞ்சினார். ஒன்று போதும் என்று சொல்லிவிட்டுச் சீட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே போட்டிருந்த தேதி கண்ணில் பட்டது. அன்றைக்குத் தேதி இருபத்தெட்டு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். மகள் வீட்டுக்கார அம்மாவின் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீடு பூட்டியிருந்தது. திறந்து உள்ளே போனேன். மூன்று டிராயர்களும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அன்றைக்கே சிப்பம் வாங்கிவந்து போட்டேன். அன்றைக்கே அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத அரிசியில் வண்டு வைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல வெயில் அடித்தது. இதை விட்டால் மறுபடி எப்போது வெயில் வருமோ என்று எனக்கு அவசரம். என் வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார். மகள் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என் போன் பீரோவின் தலையில் சார்ஜில் இருந்தது.

அரிசியை இரண்டு நடையாகத் தூக்கினேன். முதல் நடை ஒரு பேசின் நிறைய. இரண்டாவது நடைக்குச் சாக்கோடு மீதியை இழுத்து எடுத்தபோது, என் தலைக்கு மேல் நடு டிராயர் வெளியே வந்தது. இரண்டு கையிலும் சாக்கு. இடுப்பால் இடித்து டிராயரை உள்ளே தள்ளினேன்.

"பீரோகிட்ட போகக் கூடாது. அம்மா இப்ப வந்திருவேன்."

"சரிங்கம்மா," என்றாள், தலை நிமிராமல்.

படியேறும்போது ஒரு நிமிஷம் நின்றேன். அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மாடியில் கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு, அங்கே ஓடுவாள், அதுவும் பயம். பத்து நிமிஷம்தானே என்று ஏறிவிட்டேன். பழைய புடவையை விரித்து அரிசியைக் கொட்டிக் கையால் பரப்பினேன். வண்டுகள் வெயில் பட்டதும் ஓரத்துக்கு ஓடின. ஒன்றிரண்டை நசுக்கினேன். அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் இல்லை. பைன் மரம் லேசானது, விழுந்தாலும் அதிரவில்லை. சத்தத்துக்குப் பிறகு அழுகை வந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எதுவும் வரவில்லை. படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. முழங்கால் சிராய்ப்பை மறுநாள்தான் பார்த்தேன்.

பீரோ முன்பக்கமாகச் சாய்ந்து, இரும்புக் கட்டிலின் விளிம்பில் தலையை வைத்து நின்றிருந்தது. மூன்று டிராயர்களும் படிக்கட்டாக இழுத்து விடப்பட்டிருந்தன. எங்கள் துணியெல்லாம் தரையில் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. கட்டில் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன என்பதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. நினைப்பு அந்த இடத்துக்குப் போனதும் எழுந்து ஏதாவது வேலை செய்யத் தொடங்கிவிடுவேன்.

நான் கத்தினேனா என்றுகூடத் தெரியாது. வீட்டுக்கார அம்மா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கி நிறுத்தினோம். மகள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் காதுக்குள் போயிருந்தது. இடது கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா தன் முந்தானையைச் சுருட்டி நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தார். அவினாசி ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. அவர் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஆணி கேட்டீங்களே கண்ணு. அது இதுக்குத்தானுங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"புள்ளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. நானே ஆள் வெச்சு அடிச்சுக் குடுத்திருப்பனே. செவுரு போனா போச்சுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு அது மருந்தாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபம் இல்லை. தன் மேல்தான் பழி என்பதுபோல, முந்தானையில் ஊறுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று டாக்டர் வந்து சொல்லும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றியில் ஏழு தையல். கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தது, மாவுக்கட்டுப் போட்டார்கள். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். கறிப்பை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

நர்ஸ் ஒரு சீட்டோடு வந்தார். இந்த ஊர்க்காரர், நடுத்தர வயது. குழந்தையின் வயது, எடை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, எப்படி அடிபட்டது என்றார்.

"பீரோ சாஞ்சிருச்சு," என்றேன்.

"இரும்பு பீரோங்களா?"

"இல்ல, மரம். டிராயர் வச்சது."

"அதெப்படிங்க, நிக்காத பீரோவ ஒரு ஊட்டுக்குக் குடுப்பாங்க? கடையில வாங்குனதுங்களா?"

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வீட்டுக்கார அம்மா ஜன்னலோரம் ரத்தக்கறை பட்ட முந்தானையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். அப்படியிருந்தும் என் வாய் சொன்னது:

"ஆமா, கடையில வாங்குனதுதான்."

வீட்டுக்கார அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் வீட்டுக்காரர் கறிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவங்கள சும்மா உடக்கூடாதுங்க," என்றார் நர்ஸ். அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. "சின்னப் புள்ளைங்க இருக்கற ஊடுன்னு ஒரு யோசனை வேண்டாமுங்களா? காசு வாங்குனா போதும், எவன் புள்ள செத்தா என்னன்னு இருப்பாங்களாட்ட இருக்குது. எந்தக் கடைங்க?"

நான் ஏதோ ஒரு கடைப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது மகள் கண்ணைத் திறந்தாள். மருந்து மயக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, உதடு காய்ந்திருந்தது. நர்ஸைப் பார்த்து, நல்ல கையை லேசாகத் தூக்கி என்னைக் காட்டினாள்.

"கடையில வாங்கலீங்க அக்கா," என்றாள். "எங்கம்மாவே செஞ்சதுங்க."

வலியில் முனகிக்கொண்டிருந்த குரல் அந்தக் கடைசி வார்த்தைகளில் மட்டும் தெளிவாக இருந்தது. அவளுக்கு அதில் அத்தனை பெருமை.

நர்ஸின் பேனா நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் செஞ்சேன்."